கட்டிலின் காலடியில் பேசிய இங்கிலீஷ்

இங்கிலீஷ் பேச்சோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. பகையெல்லாம் அதன் எழுத்தோடுதான். இலங்கை மலைநாட்டில், எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவச் சேர்ந்து, பிறகு மேசைக்குச் சாப்பாடு கொண்டு போகிறவனாக ஆனவன் நான். வெள்ளைக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பாஷை காதில் ஏறிவிட்டது. முட்டை எப்படி வேண்டும், மழை எப்போது விடும், ரயில் பாலத்துக்கு எந்த வழி என்பதெல்லாம் தடுமாறாமல் பேசுவேன். அதே சொல்லைத் தாளில் பார்த்தால் முன்பின் தெரியாத ஆளைப் போல முறைக்கும். கத்திக்கு 'நைஃப்' என்று எழுதினால் முன்னால் ஒரு 'கே' வந்து வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் சொன்னது இந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் என்று ஹோட்டல் குசினியில் சமைக்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிவேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷுக்கு ஆசிரியர் வருவார், மாற்றம் கேட்டுப் போய்விடுவார். அடுத்தவர் வர ஒரு வருஷம் ஆகும். அவரும் ஏ, பி, சி-யிலிருந்து தொடங்குவார். அந்த இருபத்தாறு எழுத்தையும் நான் எத்தனையோ தடவை புதிதாகப் படித்திருக்கிறேன். அதற்கு மேலே ஒரு படி ஏறியதில்லை.

ஒரு நாள் ஹோட்டல் வாசலில் இருக்கும் கரும்பலகையில் அன்றைய சாப்பாட்டை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எழுதினேன். இரண்டு எழுத்து இடம் மாறியிருந்ததாம். ஒரு வெள்ளைக்காரச் சோடி அதன் முன்னால் நின்று சிரித்து, போனில் படமும் எடுத்துக்கொண்டது. முதலாளி துணியை எடுத்து அழித்துவிட்டு அவரே எழுதினார். அன்று எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபமில்லை. இனி இங்கிலீஷை அதன் எழுத்தில் எழுதுவதில்லை, என் எழுத்தில்தான் எழுதுவேன் என்று முடிவு செய்தேன்.

தமிழ் எழுத்தும் சும்மா வழிவிடவில்லை. நம்முடைய 'ப' ஒன்றே பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் பொது. 'க' ஒன்றே காப்பிக்கும் கிளாசுக்கும் பொது. தெரிந்த சொல் என்பதால் சமாளித்துவிடுகிறோம், தெரியாத சொல்லில் எப்படிச் சமாளிப்பது? அதனால் எழுத்துக்குக் கீழே புள்ளி வைத்தேன். புள்ளி இருந்தால் தொண்டை அதிர வேண்டும், இல்லாவிட்டால் அதிரக்கூடாது. கீழுதட்டைப் பல்லில் வைத்து ஊதும் சத்தத்துக்கு 'ப'வுக்கு ஒரு வால் போட்டேன். வண்டு பறக்கிற சத்தத்துக்கு 'ஸ'வின் குறுக்கே ஒரு கோடு. ஆட்டுக்குட்டி கத்தும்போது வருமே, 'அ'வும் இல்லாமல் 'ஏ'வும் இல்லாமல் ஒரு சத்தம், அது மட்டும் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கடைசியில் 'ஏ'வின் தலையில் ஒரு கொம்பு வைத்தேன். சட்டம் ஒன்றே ஒன்றுதான். காதில் விழாதது தாளில் விழக்கூடாது, விழுந்தது விட்டுப்போகக்கூடாது.

அச்சில் அந்தப் புள்ளியும் வாலும் கொம்பும் வராது. அதனால் இங்கே சாதாரணத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டு போகிறேன்.

என் மனைவி இதைப் பார்த்து முதலில் சிரித்தாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒங்களுக்கு எழுத வரலன்னா இங்கிலீசு மேல குத்தமா?"

சிரித்தவள்தான் பிறகு கற்றுக்கொண்டாள். கொழுந்து பறிக்கிறவள் அவள். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மலையேறி, மத்தியானமும் பின்னேரமும் கொழுந்து நிறுத்து, லயத்து வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினால் மனுஷிக்கு உட்கார நேரம் இருக்காது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்தால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் டிவியில் ஓடும் இங்கிலீஷ் விளம்பரத்தை நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள், எனக்கு வாசித்துக் காட்டுவாள். அர்த்தம் தெரியாது. ஆனால் அவள் வாயிலிருந்து வருவது அசல் விளம்பரக்காரி குரல். "அர்த்தம் தெரிஞ்சுட்டா சிரிப்பு போயிரும், வேணாம் விடுங்க" என்பாள்.

அவளுக்கு வயிற்றில் வலி எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அதற்கே என் மேல் எனக்குக் கோபம். பாதி நாளில் மலையிலிருந்து இறங்கினால் அரைப் பேர்தான் போடுவார்கள், அதாவது பாதிச் சம்பளம். முழுப் பேருக்காக வலியோடு நின்று பறித்திருக்கிறாள். வீட்டில் சோற்றைக் குறைத்துச் சாப்பிட்டாள், கேட்டால் பசியில்லை என்றாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த வெள்ளை மருந்தைக் குடித்துவிட்டு "கொறைஞ்சிருச்சு" என்றாள்.

இந்தக் "கொறைஞ்சிருச்சு" பற்றி நான் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆட்களுக்கு டாக்டரிடம் போய் "உங்கள் மருந்து கேட்கவில்லை" என்று சொல்ல வாய் வராது. அது அவரைக் கேவலப்படுத்துவது போல. தோட்டத்துத் துரை வந்து எல்லாம் சரிதானே என்று கேட்டால் சரிங்க என்று சொல்லி வளர்ந்த வாய் அது. உயிர் போகிற நேரத்திலும் டாக்டர் முகத்தைப் பார்த்தால் "இப்ப சொகமா இருக்குங்கய்யா" என்றுதான் சொல்லும். டாக்டரும் அதை எழுதிக்கொண்டு போய்விடுவார். எழுதுகிறவர் பேரில் குற்றமில்லை. சொல்கிறவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

கண் மஞ்சளாகி, கால் வீங்கிய பிறகு பதுளை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வார்டில் போட்டார்கள். பெண்கள் வார்டு, அதனால் நான் தங்க முடியாது. மத்தியானமும் சாயங்காலமும் பார்க்க விடுகிற நேரத்தில் மட்டும் போகலாம். ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு வேலையை முடித்துவிட்டு, தெமோதரை, ஹாலி-எல வழியாக வளைந்து வளைந்து இறங்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவேன். முதலாளி அதற்கு விட்டார், அந்த நன்றி எனக்கு உண்டு.

டாக்டர்கள் காலையில்தான் வருவார்கள். ஒரு பெரிய டாக்டரும் இரண்டு மூன்று இளம் டாக்டர்களும். அவளிடம் சிங்களத்தில் இரண்டு வார்த்தை கேட்பார்கள். கடைச் சிங்களம் அவளுக்குத் தெரியும், பதில் சொல்வாள். அதற்குப் பிறகு கட்டிலின் காலடியில் நின்று அவர்களுக்குள் இங்கிலீஷில் பேசுவார்கள். எல்லா நாளும் அப்படித்தான்.

"சந்தையில மாட்ட வெல பேசுற மாதிரி பேசுறாங்க. மாட்டுக்கிட்ட யாரு கேக்குறா? எனக்கு என்னன்னு தெரியலீங்க. தெரியாமக் கெடக்குறதுதான் பயமா இருக்கு" என்றாள்.

அவள் பயமென்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அட்டைக்கும் பயமில்லை, பாம்புக்கும் பயமில்லை, என் அம்மாவுக்கும் பயமில்லாதவள்.

"புள்ள, ஒனக்குத்தான் எழுதத் தெரியுமே. அவங்க பேசுறத அப்படியே எழுதி வச்சிரு. நான் வந்து பாத்துச் சொல்றேன்."

ஹோட்டலில் ஆர்டர் எழுதும் துண்டுத்தாள்கள் சட்டைப் பையில் இருந்தன. அதையும் ஒரு பேனாவையும் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் அவள் தந்த தாளை வாசித்து நான் வார்டு என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன். கண்டியில் நடந்த ஒரு கலியாணத்தில் பிரியாணி சரியில்லையாம். ஓர் இளம் டாக்டருக்கு இடமாற்றம் கிடைக்கவில்லையாம். யாரோ இருமியதைக்கூட ஒரு கோடு போட்டு எழுதியிருந்தாள். காதில் விழுந்ததெல்லாம் தாளில் விழவேண்டும் என்ற சட்டத்தை என்னைவிட அவள்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள்.

"நம்மளப் பத்தி ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"ஒன்ன விட அவங்களுக்கு பிரியாணிதான் முக்கியம் புள்ள."

அவள் சிரித்தாள். சிரித்ததில் வயிறு இழுத்துப் பிடித்து, கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டாள். வலியா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

அதற்குப் பிறகு ஸ்கேன் எடுத்தார்கள், வயிற்றிலிருந்து சதை எடுத்து எங்கேயோ அனுப்பினார்கள். முடிவு வந்த மறுநாள் அவள் தந்த தாளில் வழக்கத்தைவிடக் கொஞ்சமாகத்தான் இருந்தது. அவள் கை நன்றாக நிதானித்து எழுதியிருந்தது, ஏனென்றால் அன்று அவர்கள் மெதுவாகப் பேசியிருக்கிறார்கள். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து உதட்டை அசைத்து வாசித்தேன்.

இன் தி லிவர் ஆல்சோ. நத்திங் டு ஆபரேட். எ ஃபியூ வீக்ஸ். ஜஸ்ட் கீப் ஹர் கம்ஃபர்டபிள். டெல் த ஹஸ்பண்ட்.

ஈரலுக்கும் பரவிவிட்டது. அறுத்து எடுக்க ஒன்றுமில்லை. சில வாரங்கள். நோகாமல் வைத்திருங்கள். புருஷனிடம் சொல்லுங்கள். இதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுமில்லை. 'கம்ஃபர்டபிள்' என்பதை ஹோட்டலில் தினமும் கேட்கிறேன், தலையணை, மெத்தை, சுடுதண்ணி என்று வருகிறவர்கள் சொல்லும் சொல். அதை அவள் என் எழுத்தில் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் எழுதியிருந்தாள். தன்னுடைய சாவைத் தானே எழுதி என் கையில் கொடுத்துவிட்டு, பரீட்சைத்தாளைக் கொடுத்த பிள்ளை போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபரேசன்னு என்னமோ வந்துச்சே, எனக்குக் கேட்டுச்சு. ஆபரேசன் பண்ணணுமாமா?"

"ஆபரேசன் வேணாமாம்" என்றேன்.

"நெசமாவா?"

"ஆமா. ஆபரேசன் இல்லாமலே நல்லபடியா பாத்துக்கச் சொல்றாங்க. ஹஸ்பண்ட்கிட்ட சொல்லச் சொல்லியிருக்காங்க."

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் கொடுமை. அவள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். கத்தி வைப்பார்கள் என்ற பயம்தான் அவளை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. எதிர்க் கட்டிலில் இருந்த கிழவியைக் கூப்பிட்டு "எனக்கு ஆபரேசன் இல்லையாம்" என்றாள். தோட்டத்து மாரியம்மனுக்குத் தேங்காய் உடைக்கச் சொன்னாள். நான் உடைத்தேன். என்னத்துக்கு உடைக்கிறேன் என்று அம்மனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கோயிலில் நின்று அம்மனையும் திட்டினேன், அந்த டாக்டர்களையும் திட்டினேன், புள்ளியும் வாலும் கொம்பும் கண்டுபிடித்த என்னையும் திட்டினேன்.

அடுத்த நாள் ஓர் இளம் டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சிங்களத்தில் அதையே சொன்னார். நல்ல மனிதர், என் தோளைத் தொட்டுத்தான் சொன்னார். அவளுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரிய வேண்டாம் ஐயா என்றேன். எங்கள் பக்கத்தில் நோயாளியிடம் யாரும் சொல்வதில்லை. சொன்னால் பாதி உயிர் அப்போதே போய்விடும் என்பார்கள். அவர் தலையசைத்தார்.

இதன் பலன் என்னவென்று சில நாட்களில் தெரிந்தது. நர்ஸ் காலையும் மாலையும் மருந்து வண்டியோடு வந்து "பெயின் தியெனவாத?" என்று கேட்பார், வலி இருக்கிறதா என்று. இவள் "நே மிஸ், ஹொந்தாய்" என்பாள், இல்லை, நல்லா இருக்கிறேன் என்று. நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். நான் உள்ளே நுழையும்போது அவள் சிரிப்பாள். கீழுதட்டில் பல் பட்ட காயம் இருக்கும். படுக்கைத் துணியை முறுக்கி முறுக்கி அது கயிறு போலக் கிடக்கும். நெற்றி வேர்த்திருக்கும், பதுளை வெயிலால் என்பாள்.

"வலிச்சா மருந்து கேளு புள்ள. கேட்டாத்தான் குடுப்பாங்க."

"எதுக்கு? வலிக்குதுன்னு சொன்னா வீட்டுக்கு அனுப்புவாங்களா? இன்னும் ஒரு மாசம் போட்டு வச்சிருவாங்க. ஆபரேசனே வேணாம்னு சொல்லிட்டாங்க, இனி கொறையத்தான போகுது."

நான் கெஞ்சினேன். சண்டை போட்டேன். நானே நர்ஸிடம் போய்ச் சொன்னேன். நர்ஸ் வந்து அவளிடம் கேட்டார், அவள் "நே மிஸ்" என்று சொல்லி என்னை முறைத்தாள். நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரிய டாக்டர் வரும்போது அவளே சொல்லட்டும் என்று போய்விட்டார். அவள் குணமாகிக்கொண்டிருப்பதாக நம்புகிறாள், நம்பிக்கொண்டே வலியைத் தின்கிறாள். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நான். அதைப் பறித்தால் மருந்து கிடைக்கும், பறிக்காவிட்டால் வலி. பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் இதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன், வாய் வரவில்லை.

அப்போது அவளே ஒரு வழியைக் காட்டினாள், தெரியாமல்.

"எனக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. எனக்கு இப்ப சொகம், வீட்டுக்கு அனுப்புங்கன்னு இங்கிலீசுல. சிங்களத்துல சொன்னா சரி சரின்னு போயிடுறாங்க. இங்கிலீசுல சொன்னா நின்னு கேப்பாங்கல்ல?"

தாளையும் பேனாவையும் அவளே எடுத்துத் தந்தாள். பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக யாரையோ கொண்டு வந்து படுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள், அந்த இரைச்சல். நான் தாளைத் தொடையில் வைத்து எழுதினேன்.

டாக்டர், இட் ஹர்ட்ஸ் வெரி மச். ஐ கேனாட் பேர் இட். ப்ளீஸ் கிவ் மீ மெடிசின் ஃபார் இட்.

டாக்டர், ரொம்ப நோகிறது. என்னால் தாங்க முடியவில்லை. தயவுசெய்து அதற்கு மருந்து கொடுங்கள். 'பெயின்' என்ற சொல்லை மட்டும் தவிர்த்தேன், நர்ஸ் கேட்டுக் கேட்டு அது அவளுக்குத் தெரியும். 'மெடிசின்' வந்துவிட்டதே என்று தோன்றியது, அதைக் கேட்டால் "வீட்டுக்குக் கொண்டு போக மருந்து தாங்கன்னு அர்த்தம்" என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவள் கேட்கவில்லை. ஒரு தடவை வாசித்தாள். கொம்பு, வால் எல்லாம் அந்தந்த இடத்தில் வந்தன. எல்லவுக்கு வருகிற வெள்ளைக்காரி சொன்னால்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது.

அர்த்தம் தெரியாமலே ஒருத்தியை ஒன்றைச் சொல்ல வைக்கலாம் என்பதை நான் அன்றுதான் கண்டேன். எனக்கு அது பெருமையாக இல்லை, அருவருப்பாக இருந்தது. ஆனாலும் தாளைத் திரும்ப வாங்கவில்லை. நாளைக்கு அவளுக்கு மருந்து கிடைக்கும் என்ற ஒன்றுதான் மனதில் இருந்தது.

மறுநாள் மத்தியானம் நான் போனபோது அவள் உதட்டில் புதுக் காயம் இல்லை. துணி முறுக்கப்படாமல் விரித்தபடி கிடந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தை அவள் முகமாகப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் பதுளை டவுனைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண், கல்லூரியில் படிக்கிற வயது, கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். பெரிய டாக்டரு அப்படியே நின்னுட்டாரு. ரெண்டாவது தடவ சொல்லச் சொன்னாரு. சொன்னேன். ஒடனே ஊசி போட்டாங்க." ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டாள். "அதுக்குப் பொறகு என் காலடியில நின்னு பேசல. வெளிய வாசலுக்குப் போய்ப் பேசுனாங்க. எனக்கு இங்கிலீசு தெரியும்னு நெனச்சிட்டாங்க போல. எழுத ஒண்ணுமில்ல இன்னைக்கு."

நான் நல்லது என்றோ என்னவோ சொன்னேன்.

"நீங்க போனப் பொறகு நேத்து, சரியா சொல்றேனான்னு பாக்க அந்தப் புள்ளகிட்ட வாசிச்சுக் காட்டுனேன்" என்றாள், சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த பெண்ணைக் கண்ணால் காட்டி. "ரொம்ப நல்லா சொல்றீங்க அக்கா, அவ்வளவு வலியான்னு கேட்டுச்சு."

வார்டில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என் எழுத்தை யார் வாசித்தாலும் அசல் இங்கிலீஷ் வரும் என்று பெருமை பேசியவன், இங்கிலீஷ் தெரிந்த ஒரு காது பக்கத்துக் கட்டிலில் வந்து படுக்கும் என்று நினைக்கவேயில்லை.

"அதுக்கு மேல, அன்னைக்கு டாக்டருங்க பேசி நான் எழுதுனதும் எனக்கு ஞாபகம் இருந்துச்சு. அந்த லிவரு, வீக்ஸு எல்லாம். அதையும் சொல்லிப் பாத்தேன். அந்தப் புள்ள பாவம், என்ன செய்யும். தெரியலன்னு சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. எனக்குப் போதும்."

"புள்ள..."

"அழாதீங்க. ஆம்பளைங்களுக்கு நேரம் முடிஞ்சதுன்னு வெளிய போகச் சொல்லிருவாங்க, அதுக்குள்ள கேளுங்க. அன்னைக்கு ஆபரேசன் வேணாமாம்னு நீங்க சொன்னப்பவே மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. நல்ல சேதி சொல்ற மூஞ்சியா அது? எனக்கு நம்பணும்னு ஆச, நம்பிக்கிட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் டாக்டர்கிட்ட அப்படியே சொன்ன?"

"பின்ன? நான் நோவுல கெடக்குறத ஒங்களால பாக்க முடியல. அதுக்காகச் சொன்னேன். வலியும் இருந்துச்சுதான."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நான் தலையைக் குனிந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீங்கிய கால், விரல் அழுத்தினால் குழி விழுந்தது.

"இப்ப ஒண்ணு எழுதுங்க. நான் கேட்டதையே எழுதுங்க. எங்க வீட்டுக்குப் போகணும். என்னய இங்க வச்சிருக்காதீங்கன்னு."

எழுதினேன். டாக்டர், ஐ வாண்ட் டு கோ ஹோம். ப்ளீஸ் டோன்ட் கீப் மீ ஹியர். எழுதி முடித்ததும் ஒவ்வொரு சொல்லின் மேலும் விரலை வைத்து இது இன்ன அர்த்தம், இது இன்ன அர்த்தம் என்று சொன்னேன். அவளுக்கு நான் கற்றுக்கொடுத்த முதல் அர்த்தங்கள் அவைதான். அவள் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"இத அந்தப் புள்ளகிட்ட காட்ட மாட்டேன்" என்றாள்.

அடுத்த நாள் காலையில் ஹோட்டலில் என் கை எதிலும் நிற்கவில்லை. ஒரு மேசைக்குப் போக வேண்டிய தேநீரை இன்னொரு மேசையில் வைத்தேன். மத்தியானம் போனபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள், தலை சீவி, என்னைக் கண்டதும் தலையை ஆட்டினாள்.

"அனுப்புறாங்க. நாளைக்கு. மருந்தும் தந்து விடுவாங்களாம், நர்ஸ் மிஸ் சொன்னாங்க."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"நெறைய சொன்னாரு. பெரிய டாக்டரு. இங்கிலீசுலதான். ரொம்ப நேரம் பேசுனாரு."

"எங்க, குடு பாப்போம்." கையை நீட்டினேன்.

"எழுதல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் சாகப் போகிற நேரத்திலும் எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. எத்தனை வாரம், என்ன சாப்பிடலாம், வலி கூடினால் என்ன செய்வது, எதைக் கண்டால் பயப்பட வேண்டும், எல்லாம் அதில்தானே இருந்திருக்கும். மற்றவர்கள் பிரியாணியைப் பற்றிப் பேசியதையெல்லாம் எழுதியவள் இதை ஏன் எழுதவில்லை? குரலை உயர்த்தியே கேட்டேன்.

"இன்னைக்கு அவங்களுக்குள்ள பேசலீங்க. அவரு நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்து என்னப் பாத்துப் பேசுனாரு" என்றாள். "மொகத்தப் பாத்துப் பேசுறப்ப எப்படிங்க குனிஞ்சு எழுதுறது?"

மறுநாள் ஒரு வேன் பிடித்து அவளைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தேன். லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், எல்லோரும் சூழ்ந்திருக்கத்தான் அவள் உயிர் போனது, ஆஸ்பத்திரியில் இல்லை. அந்த டாக்டர் அவளிடம் என்ன சொன்னார் என்று நான் போய்க் கேட்கவில்லை. அது அவளிடம் சொன்னது.